மஞ்சள் படத்தில் ஒரு நேர்கோடு

புற்றுநோய் வந்தவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்டால், படுவார்கள். நான் பட்டேன். வயிறு எரிய எரியப் பட்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் ஓரகத்தி. என் கணவருடைய தம்பியின் மனைவி. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். மாமியார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்கள் சொந்தப் பெயர்கள் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டன. நாங்கள் கீழே இருக்கிறோம், அவர்கள் மாடியில். சமையலறை மட்டும் ஒன்று. கொழுந்தனுக்கு வெளியூரில் வேலை. சனி, ஞாயிறுக்குத்தான் வருவார்.

அவள் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்தே எனக்கு ஆகவில்லை. அவள் எதைத் தின்றாலும் உடம்பில் தெரியாது. நான் தண்ணீர் குடித்தாலும் இடுப்பில் போய் உட்காரும். விருந்தாளிகள் வந்தால் மாமியார், "சின்னவளுக்கு எதைப் போட்டாலும் எடுப்பா இருக்கும்" என்பார். பிறகு நான் நிற்பது ஞாபகம் வந்து, "பெரியவ நல்லா வேலை செய்வா" என்பார். வந்த புதிதில் அவள் கூடத்து ஜன்னலுக்குத் திரை தைத்தாள். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். இடது பக்கம் அரை இஞ்ச் தூக்கியிருக்கிறது என்று சொன்னவள் நான் ஒருத்திதான்.

அவளுக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று நான் உண்மையாகவே அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள். ஆனால் அந்த அழுகை மூன்று நாள்தான் தாங்கியது. நான்காம் நாள் என் கணவர் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பதைப் பார்த்தேன். சும்மா உரிக்கவில்லை. சுளை சுளையாகப் பிரித்து, வெள்ளை நாரை எடுத்து, விதையை நீக்கி, தட்டில் வட்டமாக அடுக்கினார். எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது இதே மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்து, என் கட்டிலிலேயே உட்கார்ந்து, எனக்கு யாரோ கொடுத்துவிட்டுப் போன ஆரஞ்சை உரித்து அவரே சாப்பிட்டார்.

கீமோ தொடங்கியதும் அவளுக்கு முடி கொட்டியது. இப்போதாவது என்று மனசுக்குள் ஓர் அற்ப நினைப்பு ஓடியது, ஒப்புக்கொள்கிறேன். அவள் மொட்டைத் தலையோடு மாடிப்படியில் இறங்கி வந்தாள். மண்டை அவ்வளவு வடிவாக இருந்தது. என் தலையை மழித்தால் பலாப்பழம் மாதிரி இருக்கும். அவளுடைய மண்டையைக்கூடக் கடவுள் உட்கார்ந்து நிதானமாகச் செய்திருந்தார்.

நான் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். பதினான்கு வருடமாக அதே மெஷின் அறை, அதே கண்ணாடித் தடுப்பு, அதே டக்டக் சத்தம். எங்கள் மெஷின் உடம்பில் இரண்டே இரண்டைத்தான் கேட்கும். ஒன்று தண்ணீர், இன்னொன்று கொழுப்பு. இரண்டும் கொஞ்சம் வேறு வேறு வேகத்தில் பதில் சொல்லும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கம்ப்யூட்டர் இரண்டையும் பிரித்து, கொழுப்புக்கு மஞ்சளும் தண்ணீருக்கு நீலமும் போட்டுப் படமாகத் தரும். மார்பு பெரும்பாலும் மஞ்சளாகத் தெரியும். நடுவே சுரப்பிகள் நீல இழைகளாக ஓடும். கட்டி என்றால் திட்டாக, அடர்ந்த நீலம். கீமோ வேலை செய்தால் நீலம் சுருங்கி, அந்த இடத்தில் மஞ்சள் திரும்பும்.

வழக்கமாகச் சாய ஊசி போட்டுத்தான் கட்டியைப் பார்ப்பார்கள். அவளுக்கு முதல் தடவை அந்த ஊசி போட்டதுமே உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்துவிட்டது. அதனால் இனி கொழுப்புப் படம்தான் கதி என்றார் எங்கள் படம் படிக்கிற டாக்டர். இரண்டு தவணை கீமோவுக்குப் பிறகு ஒரு படம் எடுக்க வேண்டும். கட்டி கரைந்திருந்தால் அதே மருந்து தொடரும். கரையாவிட்டால் மருந்தை மாற்றியாக வேண்டும். பிடிக்காத மருந்தை ஏற்றிக்கொண்டே இருந்தால் உடம்புதான் கெடும், கட்டி அது பாட்டுக்கு வளரும்.

சொந்தக்காரர் வந்தால் வேறு டெக்னீஷியன் எடுப்பதுதான் எங்கள் பழக்கம். ஆனால் சின்னவள் ஒரே பிடியாக நின்றாள்.

"அக்காதான் எடுக்கணும். வேற யாரும் வேண்டாம்."

வீட்டில் தட்டு நீட்டுவது போதாதென்று இங்கேயும் நான் கைகட்டி நிற்கவேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன். வாய் மட்டும், "அதுக்கென்ன, எடுத்தா போச்சு" என்றது.

அந்த இரண்டாவது படம் எடுத்த அன்று என் கணவர்தான் அவளைக் காரில் கூட்டிவந்தார். ஆபீசுக்கு முழு நாள் லீவு. நான் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, மார்பு இரண்டும் பலகையின் குழிகளுக்குள் தொங்கும்படி சரிசெய்தேன். காதில் அடைப்பு வைத்து, கையில் ரப்பர் பல்பைக் கொடுத்தேன்.

"உடம்புக்கு ஏதாவது செஞ்சா இதை அழுத்து."

"நீங்க இருக்கும்போது எனக்கென்னக்கா."

எப்போதும் இப்படித்தான் பேசுவாள். வாயைத் திறந்தால் தேன்.

அவள் கட்டிக்குள் எள்ளளவு உலோகத் துணுக்கு ஒன்றை வைத்திருந்தார்கள். கட்டி முழுக்கக் கரைந்துபோனாலும் இருந்த இடம் தெரியவேண்டும் என்பதற்காக எல்லோருக்கும் வைப்பதுதான். ஆபத்தில்லாதது. ஆனால் அந்த எள்ளைச் சுற்றிக் காந்தம் கொஞ்சம் கோணும். அதைச் சமன்செய்ய, திரையில் ஒரு பச்சைப் பெட்டியை இழுத்துவந்து அந்த மார்பின்மேல் கச்சிதமாகப் பொருத்தி, ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்து, சரியில்லை என்றால் மறுபடி நகர்த்தவேண்டும். ஐந்து நிமிட வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுப்பேன்.

நான் மவுசில் கை வைத்தபோது என் கணவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். கையில் ஒரு கம்பளிப் போர்வை.

"உள்ள ரொம்பக் குளிருமாமே. இதை அவ கால்மேல போட்டுவிடேன், பாவம்."

பதினான்கு வருடமாக அந்தக் குளிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்வெட்டரின் முழங்கை இரண்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. குளிருமா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் கேட்டதில்லை. போர்வையை வாங்கிக்கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. சீக்கிரம் முடித்து இரண்டு பேரையும் வெளியே அனுப்பினால் போதும் என்றிருந்தது. பச்சைப் பெட்டியை மெஷின் தானாக வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

அன்று சாயங்காலமே முடிவு வந்துவிட்டது. படம் படிக்கிற டாக்டருக்கு அன்றைக்கு எழுபது படம். வண்ணப்படத்தைப் பார்த்தார், நீலம் இருந்த இடத்தில் மஞ்சள் இருந்தது, கட்டி பெருமளவு கரைந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீடு வீடாக இல்லை. மாமியார் சின்னவளைக் கட்டிக்கொண்டு அழுதார். கொழுந்தன் போனில் முகம் காட்டி அழுதார். என் கணவர் ஐஸ்கிரீம் கேக் வாங்கிவந்தார். "அவ மனசுக்கு ஒண்ணும் ஆகாது, நான்தான் சொன்னேனே" என்று மாமியார் திருப்பித் திருப்பிச் சொன்னார். அதாவது எனக்குப் பித்தப்பையில் கல் வந்தது என் மனசினால். நோயில்கூட அவளுக்கு நூற்றுக்கு நூறு. நான் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். வயிற்றெரிச்சலுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல், அவள் படத்தைத் திறந்தேன். எதற்கு என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளை முதல் மார்க் வாங்கினால் அந்தப் பேப்பரை வாங்கிக் கூட்டிப் பார்க்கத் தோன்றுமே, அதற்குத்தான். அவ்வளவு நல்ல படமா, எங்கேயாவது ஒரு சொட்டு நீலம் மிச்சம் இருக்காதா என்று ரொட்டித் துண்டுகள் மாதிரி மெஷின் வரிசையாக அறுத்துக் காட்டும் படங்களை ஒவ்வொரு துண்டாக நகர்த்திக்கொண்டே போனேன்.

முப்பத்தொன்றாவது துண்டில் ஒரு நேர்கோடு இருந்தது.

உடம்பில் நேர்கோடு கிடையாது. எலும்புகூட வளைந்துதான் இருக்கும். இங்கே மஞ்சளுக்கு ஒரு பக்கம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல ஓரம். அது அந்த எள்ளைச் சுற்றித்தான் இருந்தது. நிறம் பிரிப்பதற்கு முந்தைய மூலப் படங்களைத் திறந்தேன். கட்டி அங்கே சட்டமாக உட்கார்ந்திருந்தது. எங்கேயும் போகவில்லை. காந்தம் கோணின இடத்தில் கம்ப்யூட்டர் குழம்பி, தண்ணீரைக் கொழுப்பு என்றும் கொழுப்பைத் தண்ணீர் என்றும் மாற்றிச் சொல்லியிருந்தது. எங்கள் தொழிலில் தெரிந்த சங்கதிதான். பெட்டியைச் சரியாக வைத்திருந்தால் வந்திருக்காது.

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லவேண்டும். சந்தோஷம். ஒரே நொடி. பார்த்தாயா, நூற்றுக்கு நூறு இல்லை என்று ஒரு சந்தோஷம். அது போன பிறகு நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை.

பிறகு சந்தேகம் வந்தது. உண்மையாகவே கட்டி தெரிகிறதா, அல்லது தெரியவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா? என் கண்ணை எனக்கே நம்பமுடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அதேபோல் துணுக்கு வைத்த வேறு இரண்டு பேருடைய படங்களைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அவற்றில் கோடு இல்லை. இதில் இருந்தது. பொறாமை எதை வேண்டுமானாலும் காட்டும், ஆனால் மற்றவர்கள் படத்திலிருந்து கோட்டை அழித்துக் காட்டாது.

வியாழக்கிழமை அவளுக்கு மூன்றாவது தவணை. அதே மருந்து. அடுத்த படம் ஆறு வாரம் கழித்துத்தான். அதுவரை நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு கட்டி தெரிந்தால், திரும்பி வந்துவிட்டது பாவம் என்பார்கள். என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. சொன்னால், பதினான்கு வருடம் சம்பாதித்த பெயர் போகும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடத்திலேயே கோட்டைவிட்டவள் என்பார்கள். பத்து நிமிடம் இதையெல்லாம் நினைத்தேன். அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் டாக்டரின் அறைக் கதவைத் தட்டினேன்.

"பெட்டியை நான் வைக்கல சார். என் தப்பு."

அவர் திரையைப் பார்த்தார். மூலப் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நானும் இதைத் திறந்து பார்த்திருக்கணும்" என்றார். "நாளைக்குக் காலையிலேயே திரும்ப எடு. நானும் கூட உட்கார்றேன்."

வீட்டில் சொல்வதுதான் மலையாக இருந்தது. கூடத்தில் மிச்சக் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு மாமியாரும் என் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னேன்.

"படம் தப்பா வந்திருக்கு. கட்டி கரையல."

"என்னடி உளர்ற?" என்றார் மாமியார். "டாக்டரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரே!"

"அவருக்கும் இப்ப தெரியும் அத்தை. நாளைக்கு மறுபடி எடுக்கணும்."

என் கணவர் ஸ்பூனை வைத்தார். "உனக்கு அவ நல்லா இருந்தாலே பொறுக்காது."

பதினாறு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியென்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. திரைச்சீலைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"பொறுக்காதுதாங்க" என்றேன். "ஆனா கட்டி இருக்கு."

மாடிப்படியில் சத்தம் கேட்டது. சின்னவள் பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. என் கணவரைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்க்கா?"

மறுநாள் பெட்டியைப் பொருத்த ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். மூன்று சோதனைப் படம். பிறகு எடுத்தோம். நீலம் அதே இடத்தில் திட்டாக இருந்தது. முதல் தடவை மூன்று சென்டிமீட்டர். இப்போது அதற்கும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல். டாக்டர் அங்கிருந்தே கீமோ டாக்டருக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை மருந்தை நிறுத்திவைத்தார்கள்.

உடை மாற்றும் அறையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குக்கா."

தேறிவிடுவாய், உன் மனசுக்கு ஒன்றும் ஆகாது என்றெல்லாம் எனக்கு வராது. உண்மையைச் சொன்னேன்.

"அன்னைக்குப் பெட்டியை வைக்காம விட்டது வேணும்னு இல்ல. ஆனா ஏன் விட்டேன்னு எனக்குத் தெரியும். அவர் உனக்குப் போர்வை எடுத்துட்டு வந்தாரு. எனக்கு எரிஞ்சுது. சீக்கிரம் முடிச்சாப் போதும்னு ஆயிடுச்சு."

"அந்தப் போர்வையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது குத்துதுக்கா, சனியன். நீங்களே வச்சுக்குங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு என்மேல ஒரு இது உண்டுன்னு எனக்கு வந்த அன்னைக்கே தெரியும். கூடத்துத் திரையை எல்லாரும் அழகுன்னாங்க. அரை இஞ்ச் தூக்கியிருக்குன்னு சொன்னது நீங்கதான். நான் அப்புறம் டேப் வச்சு அளந்து பார்த்தேன். அரை இஞ்ச்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "மத்தவங்களுக்கெல்லாம் நான் நல்லா இருக்கணும். நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா உடனே நம்பிடுவாங்க. நீங்க நம்பமாட்டீங்க. எங்கடா குறைன்னு தேடுவீங்க. அதான் அக்காதான் எடுக்கணும்னு கேட்டேன்."

நான் அங்கேயே கதவில் சாய்ந்துகொண்டேன். பதினோரு வருடம் நான் மறைத்து வைத்ததை அவள் எடுத்து வேலைக்கு வைத்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என் ஓரகத்தியை ஜென்மத்துக்கும் மன்னித்திருக்கமாட்டேன். இப்படிப் பேசவும் அவளுக்குத்தான் வருகிறது, எனக்கு வராது. அதற்கும் எரிந்தது. எரிந்துகொண்டேதான் அவள் சட்டைப் பித்தான்களை மாட்டிவிட்டேன்.

மருந்து மாறியது. புது மருந்து அவளைப் புரட்டிப் போட்டது. வாயெல்லாம் புண். தண்ணீர் இறங்கவில்லை. என் கணவர் ஆரஞ்சு உரித்து வைத்தார். புளிப்பு எரிகிறது என்று அவளால் தொட முடியவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். நார் இல்லை, விதை இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு தவணை முடிந்து மறுபடி படம். இந்தத் தடவை என் கணவரும் மாமியாரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். வார நாள், ஆனாலும் கொழுந்தன் வந்திருந்தார். பெட்டியைப் பொருத்தினேன், சோதித்தேன், மறுபடி பொருத்தினேன். படம் வந்தது. மஞ்சள். நடுவில் எள்ளுக்குப் பக்கத்தில் பட்டாணி அளவு நீலம். டாக்டர் மூலப் படங்களையும் திறந்து பார்த்துவிட்டு, "இது நிஜமாவே கரையுது" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு அடுத்த நோயாளியின் படத்தைப் பார்க்க வெளியே போய்விட்டார்.

நான் எழவில்லை. முதல் துண்டிலிருந்து தொடங்கினேன். முப்பத்தொன்றாவது துண்டில் நின்றேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மூலப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன தடவைப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். எல்லா ஓரமும் வளைந்து, நெளிந்து, உடம்பு மாதிரியே இருந்தது.

வெளியிலிருந்து போன் அடித்தது. மாமியார்.

"டாக்டர் நல்லா இருக்குன்னுட்டுப் போறாரு. அவர் சொல்றது இருக்கட்டும். நீ பார்த்தியா? குறை ஏதாவது இருக்கா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவள் எழுந்து உட்கார்ந்து, ரப்பர் பல்பை இன்னும் கையிலேயே பிடித்தபடி, டாக்டர் போன வழியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடிட்டேன் அத்தை" என்றேன். "ஒரு குறைகூடக் கிடைக்கல."